செவ்வாயும் வியாழனும் விழிக்கும் பெட்டி

மலை மாட்டு வைத்தியரைப் பற்றிய அந்தத் தொடரை ரெம்மர் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அதைத் தேடிப் பிடித்து வன்தட்டில் ஏற்றி வைத்தவன் ரெம்மர்தான். எதற்கு என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. டிவிக்குக் கீழே சொந்தமாக ஒரு லினக்ஸ் பெட்டியை, அதாவது படம் ஓட்டும் குட்டிக் கணினியை, கட்டி வைத்திருக்கும் இந்தக் கூட்டம் பார்ப்பதற்காகப் படம் சேர்ப்பதில்லை, சேர்ப்பதற்காகவே சேர்க்கிறது. அப்படிச் சேர்ந்த தொடரின் முதல் ஆறு பகுதிகளுக்குப் பக்கத்தில், பார்த்து முடித்தாயிற்று என்பதற்கான டிக் குறி விழுந்திருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் கண்டான்.

மனைவி ஃபென்னா அடுத்த அறையில்தான் இருந்தாள். லேர் நகரத்து வீடுகள் ஒன்றும் அரண்மனைகள் இல்லை. குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டிருக்கலாம். ரெம்மர் கேட்கவில்லை. பெட்டியின் தரவுத்தளம் கெட்டிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல்களுக்கு நீர் இறைக்கும் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். வயது ஐம்பது தாண்டிவிட்டது. நல்லவன், ஆனால் பேச்சு குறைவு. பேச்சையெல்லாம் மிச்சம் பிடித்து வைத்து, லினக்ஸ் பெட்டிக்காரர்களின் இணைய மன்றத்தில் கொண்டுபோய்க் கொட்டுவான். அங்கே அவன் பெரிய ஆள். புதிதாக யார் வந்து 'என் பெட்டி வேலை செய்யவில்லை' என்று அழுதாலும் முதலில் அவனுடைய பதில்தான் வரும்: லாக் எங்கே? அதாவது, பெட்டி தான் செய்த காரியங்களைத் தானே குறித்து வைக்கும் பதிவு. 'நான் எதையும் தொடவில்லை' என்று எழுதுகிறவனை ரெம்மர் ஒருபோதும் நம்பியதில்லை. பயன்படுத்துகிறவர் சொல்வதைக் கேட்காதே, பெட்டி சொல்வதைக் கேள் என்பதை அவன் அந்த மன்றத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பானோ, கணக்கே இல்லை.

முதலில் தரவுத்தளத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினான். செவ்வாய்க்கிழமை மாலை வந்து பார்த்தால் ஏழாம் பகுதிக்கு டிக். டிவிக்கும் பெட்டிக்கும் நடுவில் போகும் வயரை மாற்றினான். வியாழக்கிழமை எட்டாம் பகுதிக்கு டிக். ரிமோட் வெளிச்சத்தை வாங்கும் கண் எங்கிருந்தோ கண்டதையும் வாங்குகிறது என்று நினைத்து அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினான்; அதனால் அவனுக்கே அன்றிரவு ஒலியைக் குறைக்க முடியாமல் போனதுதான் மிச்சம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பிறகு சோதித்துப் பார் என்பது மன்றத்து வழக்கம். அதை அவன் பிசகாமல் செய்தான். மாட்டு வைத்தியர் தன்பாட்டுக்கு மலையேறிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் லாக்கைத் திறந்தான். அதில் கோளாறு என்று எதுவுமே இல்லை. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும், அவன் வேலைக்குப் போன பிறகு மின்சாரம் வந்திருக்கிறது, பெட்டி விழித்திருக்கிறது, டிவியை எழுப்பியிருக்கிறது. மதியத்துக்குள் மின்சாரம் போயிருக்கிறது.

இதைப் படித்த ரெம்மர் அதையே மறுபடி ஒரு முறை படித்தான். காரணம் இருந்தது. தூங்குகிற கருவிகளுக்கு மின்சாரக் காசு கொடுப்பது அவனுக்குப் பிடிக்காது. டிவி, பெட்டி, ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, இரவில் படுக்கப் போகும்முன் அதன் சிவப்பு சுவிட்சைக் காலால் அணைத்துவிடுவான். மாலையில் அதே சுவிட்சை மிதித்தால் போதும், மின்சாரம் கிடைத்ததும் பெட்டி தானாக எழுந்து டிவியையும் எழுப்ப வேண்டும் என்று அவனே அமைத்து வைத்திருந்தான். ஒரே மிதியில் மூன்றும் எழும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை மிதித்துக் காட்டுவான். ஆகவே பகலில் பெட்டி விழிக்கிறது என்றால் யாரோ ஒரு கால் அந்த சுவிட்சை மிதித்திருக்கிறது. ஃபென்னாவோ கிளை நூலகத்தில் வேலையில் இருக்கிற நேரம் அது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது.

மன்றத்தில் 'பெட்டி தானே விழிக்கிறது' என்று தலைப்புப் போட்டு எழுதினான். பத்து நிமிஷத்தில் வந்து நின்றார் நிலவறைப் பூதம். அது புனைபெயர்தான், ஆள் கெம்னிட்ஸில் பல் டாக்டர். பல்லைவிட லினக்ஸில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம்.

"லாக் சுத்தமா இருக்குய்யா. பெட்டி மேல தப்பே இல்ல. வீட்ல வேற யாரு இருக்கா?" என்று எழுதினார் பூதம்.

"நானும் மனைவியும்தான். அவ அந்த நேரத்துல வேலைக்குப் போயிருப்பா."

"போயிருப்பாங்களா, போறாங்களா?"

ரெம்மர் அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பூதம் கேட்டது ஒரே கேள்விதான். ஆனால் அது போய் உட்கார்ந்த இடம் மோசமான இடம். ஃபென்னா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை ஒரு நாளும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தான். அவள் போய்விட்டால் தனக்கு இந்த உலகத்தில் ஒருவருமில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சந்தேகம் வந்த பிறகு கண்ணில் படுவதெல்லாம் சாட்சியாகிவிடும். செவ்வாய்க்கிழமை மாலை சிங்க்கில் இரண்டு கோப்பைகள் கிடந்தன. ஒன்றில் தேநீர்க் கறையும், அடியில் கரையாத கற்கண்டும், ஓரத்தில் பாலாடைக் கோடும் இருந்தன. அது ஃபென்னாவின் கோப்பை. இன்னொன்று துடைத்துவைத்தது போலச் சுத்தமாக, உள்ளே வெறும் ஈரத்தோடு இருந்தது. ரெம்மர் அதை முகர்ந்துகூடப் பார்த்தான். வந்தவன் தேநீர் குடிக்கவில்லை! தேநீருக்குப் பேர்போன இந்தக் கிழக்கு ஃப்ரீசியாவில் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டு, வழக்கப்படி மூன்று கோப்பை தேநீர் குடிக்காமல் எழுந்து போகிற மனிதன் யார்? இந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது. தெற்கத்தியான்!

தெற்கத்தியான் மேல்மாடியில் இருந்தான். ஹேபர்லெ என்று பெயர். ஸ்டுட்கார்ட் பக்கம். போன வருஷம் குடிவந்தவர், மனைவியைப் பிரிந்தவர், வரிக்கணக்கு ஆலோசகர், வீட்டிலிருந்தே வேலை. தலைமுடி முழுசாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் ரெம்மருக்கு உறைத்தது. மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது அவரே நின்றார்.

"மொய்ன், ஹெர் ஹேபர்லெ," என்று அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னான் ரெம்மர், உதட்டால் மட்டும்.

"மொய்ன், மொய்ன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. காலைல உங்க வீட்லருந்து மாடு கத்துற சத்தம் வருது. நான் வாடிக்கைக்காரங்களோட போன்ல பேசிட்டிருக்கேன், பின்னாடி 'ம்மா'ங்குது. எங்கருந்து பேசறீங்கன்னு கேக்கறாங்க."

"அப்படியா? எந்தக் கிழமை?"

"செவ்வாய். வியாழனும்னு நெனைக்கிறேன்."

"காலைல நீங்க எப்பவும் வீட்லதான் இருப்பீங்களோ?"

"வேற எங்க போறது? வேலையே வீட்லதானே." ஹேபர்லெ சிரித்தார். அந்தச் சிரிப்பு ரெம்மருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. "வாங்களேன், ஒரு கோப்பை தேநீர் குடிச்சுட்டுப் போகலாம்."

"ஐயோ, தேநீரா? மன்னிச்சுக்குங்க, நீங்க போடுற டீ எனக்கு வயித்தப் பொரட்டும். நமக்கு வெறும் தண்ணி போதும்."

வெறும் தண்ணி! ரெம்மர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால், தானே முன்வந்து மாட்டுச் சத்தம் என்று புகாரும் கொடுத்துவிட்டு, சுத்தமான கோப்பையையும் ஒப்புக்கொண்டு படியேறிப் போவான் ஒருவன்! அன்று இரவு உணவின்போது ஃபென்னா ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ரெம்மர் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி அவள் முகத்தையே கவனித்தான். கன்னம் சிவந்திருந்தது. பேச்சு நடுவில் சிரித்தாள். என்ன சொன்னாள் என்பது மட்டும் அவன் காதில் ஏறவில்லை.

"என்ன, அப்படிப் பாக்கற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"மூக்குல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்ல, இல்ல. நீ பேசு."

மன்றத்துக்கு ஒரு விதி உண்டு. கோளாறு என்று வந்தால் அது தொடங்கிய பிறகு வீட்டில் என்னென்ன மாறியது என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ரெம்மர் ஒன்றுவிடாமல் எழுதினான். கோப்பைகளை எழுதினான், மேல்மாடியை எழுதினான், தேநீர் வேண்டாம் என்றதை எழுதினான். படித்தவர்களுக்குக் கொண்டாட்டம். ரோஸ்டாக்கில் ஒருவர் பூச்சட்டிக்குள் கேமரா வைக்கச் சொன்னார். இன்னொருவர் மேல்மாடிக்காரன் என்ன கார் வைத்திருக்கிறான் என்று விசாரித்தார். வேறொருவர், பத்து வருஷத்துக்கு முன் தன் கதையும் ஒரு டிக் குறியில்தான் தொடங்கியது என்று எழுதி எல்லோரையும் பயமுறுத்தினார். ஒருவராவது 'அந்த அம்மாவையே கேட்டுப் பாரேன்' என்று எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? கேட்டால் 'நான் எதையும் தொடவில்லை' என்றுதானே பதில் வரும். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே ரெம்மர்தான்.

திட்டம் பூதத்துடையது. வியாழக்கிழமை ரெம்மர் வழக்கம்போல வேலைக்குக் கிளம்புவது, ஆனால் போகாமல் எதிர்ச்சாரியில் பேக்கரியில் உட்கார்ந்துகொள்வது. பூதம் கெம்னிட்ஸிலிருந்தபடியே ரெம்மர் கொடுத்த கடவுச்சொல்லோடு பெட்டிக்காகக் காத்திருப்பார். பெட்டி கண் விழித்ததும் செய்தி அனுப்புவார்.

"அன்னிக்கு நோயாளிங்க இல்லையா உங்களுக்கு?" என்று ரெம்மர் கேட்டான்.

"ரெண்டு பல்லு புடுங்கறது இருந்துச்சு. தள்ளி வச்சுட்டேன். இது முக்கியம்."

வியாழக்கிழமை பேக்கரி ஜன்னலோரம் உட்கார்ந்து, கடையில் வேலை செய்கிற பெண் கேட்காமலே கொண்டுவந்து வைத்த திராட்சை ரொட்டியைத் தொடாமல், ரெம்மர் தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை தூறியது. ஃபென்னா கிளம்பிப் போனாள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அவள் சைக்கிள் தெருமுனையில் திரும்பி வந்தது. கூடையில் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தாள். இறங்கினாள், சைக்கிளைப் பூட்டினாள், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே போனாள். அவள் பாடுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்காது, வாயசைப்பு தெரிந்தது. ரெம்மருக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கே அது வெட்கமாக இருந்தது.

செய்தி வந்தது. "முழிச்சிருச்சு. போ!"

தெருவை எப்படிக் கடந்தான், படியை எப்படி ஏறினான் என்று அவனுக்கு நினைவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு மாடு கத்தியது. சாவியைச் சத்தமில்லாமல் திருப்பி, ஒரே தள்ளாகத் தள்ளினான்.

கூடத்தில் நீராவி வாசனை அடித்தது. ஜன்னலோரம் இஸ்திரி மேஜையை விரித்துப் போட்டு, அதன்மேல் ரெம்மரின் நீலச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டு ஃபென்னா நின்றிருந்தாள். வேறு யாரும் இல்லை. சோபாவில் தேய்த்து மடித்த சட்டைகள் அடுக்கியிருந்தன. டிவியில் வைத்தியர் முழங்கை வரை பசுவுக்குள் கையை விட்டிருந்தார்.

"மொய்ன்! என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" அவள் ஓடி வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, வேர்த்திருக்கே. உக்காரு, உக்காரு."

"நீ... நீ வேலைக்குப் போகலையா?"

"இன்னிக்கு வியாழன். மதியத்துக்கு மேலதானே."

"எப்பருந்து?"

"மார்ச்லருந்து, ரெம்மர். செவ்வாயும் வியாழனும் காலைல நூலகம் மூடிட்டாங்கன்னு சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன். நீ 'ம்ம்'ன்ன."

"இப்ப எங்கயோ போயிட்டு வந்தியே?"

"கஞ்சி மாவு தீந்துபோச்சு, வாங்கப் போனேன். உன் காலர் நிக்கணும்னா அது வேணாமா?" அவள் பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்து இஸ்திரிப் பெட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் சுத்தமான கோப்பைதான்.

ரெம்மர் சோபாவில் தொப்பென்று விழுந்தான். சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. இஸ்திரிப் பெட்டியின் வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தான். டிவிக்குப் பின்னால் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகியிருந்தது.

"இதுலயா செருகற?"

"ஜன்னல் பக்கத்துல வேற எங்க இருக்கு? சிவப்பு சுவிட்சப் போட்டா உன் டிவியும் கூடவே கெளம்பி வருது. அது உன் வேலைன்னு விட்டுட்டேன். சரி, வந்ததே வந்துச்சுன்னு எதையோ அழுத்தினேன், இந்தாளு வந்தாரு. நல்லா இருக்கு ரெம்மர். ஒரு கன்னுக்குட்டி கொடி சுத்திப் பொறந்துச்சு, எப்படி அழுதேன் தெரியுமா? அதையும் உன்கிட்ட சொன்னேன்."

"சொன்னியா?"

"அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல சொன்னேனே. நீ என் மூக்கையே பாத்துட்டிருந்த."

அவ்வளவுதான், கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ரெம்மருக்கு அந்த நிமிஷம் போல நிம்மதியான நிமிஷம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை. எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று கையை ஊன்றினான். கெம்னிட்ஸில் பூதத்துக்குத்தான் பொறுமை தீர்ந்துவிட்டது. போனுக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வராததால், பெட்டிக்குள் நுழைந்திருக்கிறவர் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். டிவியின் வலது மூலையில், பசுவின் தலைக்கு மேலே, நீலக் கட்டத்தில் எழுத்து வந்தது.

ஃபென்னா வாய்விட்டுப் படித்தாள். "'ரெம்மர், ஆள் சிக்கினானா? மேல்மாடிக்காரன்தானா?'" திரும்பினாள். "எந்த ஆளு?"

"அது... பெட்டிக்கு ஒரு சோதனை ஓடுது."

"மேல்மாடிக்காரர்னா யாரு? ஹேபர்லெயா?"

ரெம்மர் ரிமோட்டைத் தேடினான். அதற்குள் அடுத்த கட்டம் வந்துவிட்டது.

"'மனைவி என்ன சொல்றாங்க? எல்லாரும் காத்திருக்கோம்.'" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குரல் உயரவில்லை. "எல்லாருமா? யாரு எல்லாரும்?"

அவளிடம் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. போனைக் கொடுத்தான். அவள் நின்றபடியே மேலிருந்து கீழே படித்தாள். நூலகத்துக்காரி, வேகமாகப் படிப்பாள். ஆனால் இதை மெதுவாகப் படித்தாள். கோப்பைகள் வந்தபோது இஸ்திரி மேஜையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பூச்சட்டிக் கேமரா வந்தபோது ஜன்னலில் இருந்த பூச்சட்டியைப் பார்த்தாள்.

"அதை வைக்கல," என்றான் ரெம்மர் அவசரமாக. "சத்தியமா வைக்கல."

அவள் தொடர்ந்து படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. அது எந்த இடம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் என்ன மாறியது என்ற கேள்விக்கு அவன் எழுதியிருந்த இடம்.

"'கொஞ்ச நாளாக மனைவி சந்தோஷமாக இருக்கிறாள். சமையலறையில் பாடுகிறாள். காரணம் தெரியவில்லை,'" என்று படித்தாள் ஃபென்னா. பிறகு அதையே இன்னொரு முறை, சத்தமில்லாமல் படித்தாள்.

"ஃபென்னா..."

"ரெண்டு காலை நேரம், எனக்குன்னு கெடச்சுது. யாரும் கூப்பிடல, புஸ்தகம் அடுக்கல. துணி தேச்சுக்கிட்டு ஒரு மாட்டு டாக்டரைப் பாத்தேன். நல்லாருந்துச்சு, பாடினேன். அது உனக்குக் கோளாறாப் பட்டுச்சா?"

"நான் பயந்துட்டேன். நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு..."

"பயந்தா என்கிட்டதானே வரணும்?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன்."

"ரோஸ்டாக்ல இருக்கறவன்கிட்ட கேட்ட. எங்கயோ பல்லு புடுங்கறவன்கிட்ட கேட்ட. அடுத்த ரூம்ல நான் இருந்தேன், ரெம்மர்."

அவன் எதையெல்லாமோ சொன்னான். லாக்கில் அப்படித்தான் இருந்தது என்றான். ஹேபர்லெ தேநீர் வேண்டாம் என்றதைக்கூடச் சொன்னான், சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவனுக்கே கேட்டது. ஃபென்னா சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். போனை அவன் கையில் திரும்பக் கொடுத்தாள். பாதி தேய்த்த நீலச் சட்டையை எடுத்து அப்படியே அவன் மடியில் போட்டாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அந்த வீட்டில் பகலில் அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டு ரெம்மர் பார்த்ததில்லை.

கதவருகே போய் நின்றான். உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டி படுக்கையைக் கட்டுகிறாளா, இல்லை வெறுமனே வேலைக்கு உடை மாற்றுகிறாளா? கதவில் காதை வைத்துக் கேட்டான். தெரியவில்லை. கையிலிருந்த போன் துடித்துக்கொண்டே இருந்தது, பூதமும் ரோஸ்டாக்காரனும் மாறி மாறிக் கேட்டார்கள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவன் அதைப் பார்க்கவில்லை. கதவைத் தட்டினான்.

"ஃபென்னா, என்ன பண்ற? என்ன நெனைக்கற? ஒரு வார்த்தை சொல்லு. கேக்கறேன், சொல்லு."

அலமாரிச் சத்தம் நின்றது. கதவுக்கு வெகு பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"அங்கயே போய்க் கேளு. அவங்க சொல்லுவாங்க."